படிக்காமல் கொடுத்த மனு

1

எங்கள் ஊர் நூலகத்திலிருந்து எனக்கு ஃபோன் வந்தால் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, மகள் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்திருப்பாள். இன்னொன்று, தீபாவளிக்குக் குழந்தைகளுக்குக் கோலம் போட்டுக் காட்ட ஆள் வேண்டும். நான் கிறிஸ்தவப் பெண், எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத்தான் பலகாரம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். அது அவர்கள் மனதில் நிற்பதில்லை. நானும் வருஷா வருஷம் போய்க் கோலம் போட்டுவிட்டு வருகிறேன்.

இந்தத் தடவை நூலகர் டோனாவின் குரலில் துக்கம் விசாரிக்கிற தொனி இருந்தது.

"எஸ்தர், நீங்கள் கொடுத்த தமிழ்ப் புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டோம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு புகார் வந்திருக்கிறது."

நான் இருப்பது அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊர். பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் முதலில் இன்சூரன்ஸ் அட்டையைக் கேட்கிற வேலை. ஊர்ப் பேரைச் சொன்னால் உங்களில் யாருக்கும் தெரியாது. கோவில்பட்டி என்று சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. இருபது வருஷமாக இப்படியே சரிக்குச் சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளும் பதின்வயதினரும் புழங்குகிற பகுதியில் தகாத புத்தகம் எதுவும் இருக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. தகாதது எது என்று விதியில் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று மட்டும் தெளிவாக இருக்கிறது. மிஸ்டர் ஹாலோவே என்பவர் கொடுத்துவிட்டார். கூரை வேலை செய்கிற கான்ட்ராக்டர். பேரனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தவர் கண்ணில், நான் கொடுத்த விடுகதைப் புத்தகம் பட்டிருக்கிறது. அட்டையில் ரவிக்கை போடாத ஒரு கிழவி உலக்கையால் கம்பு குத்துகிற படம். மனிதர் கவலைப்பட்டுவிட்டார்.

அவர் எழுதிக்கொடுத்த படிவத்தை டோனா எனக்குக் காட்டினாள். "புத்தகத்தை முழுவதும் படித்தீர்களா?" என்ற கேள்விக்கு, "இல்லை." "எந்தப் பகுதியை ஆட்சேபிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு அவர் எழுதியிருந்தது இது: "உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் ஆட்சேபம்."

ஒரு புத்தகத்தின் மேல் மட்டும் புகார் என்றால் போய்த் தொலையட்டும். மற்றவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாதே என்று யோசித்து, மொத்தத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியின் மேல் "மொழி: உறுதிசெய்யப்படவில்லை" என்று ஒட்டியிருந்தது. இத்தனை காலமாகப் பேசிவருகிற மொழி, ஒரு ஸ்டிக்கரில் சந்தேகத்துக்கிடமாகிவிட்டது.

2

அந்தப் புத்தகங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததே ரோஷத்தால்தான். மகள் எமிமா நாலாவது படிக்கும்போது, நூலகத்தின் இளையோர் பகுதியில் உலக மொழிகள் என்று ஒரு அலமாரி வைத்தார்கள். ஸ்பானிஷ் இருந்தது, சீனம் இருந்தது, இந்த ஊரில் ஒரு குடும்பம்கூட இல்லாத போலிஷ் இருந்தது. தமிழ் இல்லை. அன்றைக்கே கோவில்பட்டியில் இருக்கிற அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

அண்ணன் தங்கராஜ் அங்கே உரக்கடை வைத்திருக்கிறான். நான் ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் புத்தகங்களை வாங்கி, உர மூட்டை கட்டுகிற சணல் கயிற்றால் கட்டித் தயாராக வைத்திருப்பான். மற்றவர்கள் பெட்டியில் முறுக்கும் கடலைமிட்டாயும் வரும், என் பெட்டியில் புத்தகமும் பூச்சிமருந்து வாசனையும் வரும். முதல் கட்டை டோனாவிடம் கொடுத்தபோது முகர்ந்து பார்த்து, "இது உங்கள் நாட்டு வாசனைத் திரவியமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் புத்தகம் கொடுத்துப் பழக்கியவனே அண்ணன்தான். எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா சபையில் மூப்பர். வேதபுத்தகம், பாட்டுப்புத்தகம், பள்ளிக்கூடப் புத்தகம் மூன்றும்தான் வீட்டுக்குள் வரலாம். கதைப்புத்தகம் படிக்கிற பெண்பிள்ளைக்குப் புத்தி அலையும் என்பது அவர் கட்சி. அண்ணன் அப்போது கோவில்பட்டியில் கல்லூரி போய்க்கொண்டிருந்தான். நூலகத்தில் எடுத்த நாவல்களைச் சாக்குக்குள் சுருட்டி சைக்கிள் கேரியரில் வைத்து வருவான். விலைக்குப் போகும்வரை பருத்தியைக் குவித்து வைத்திருக்கிற அறை ஒன்று உண்டு. அந்தக் குவியலுக்குள் செருகிவிட்டு, "ஏட்டி, பருத்திக்குள்ள எலி ஓடுது, பாத்துட்டு வா" என்பான். நான் போய் எலி பார்த்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பேன். பஞ்சு மூக்கில் ஏறி ஓயாத தும்மல். அப்பா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஈஸ்னோபீலியா என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நாவல் படித்து மாத்திரை விழுங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நூலகப் புத்தகங்களிலும் ஒரு சென்சார் அதிகாரி வேலை பார்த்திருந்தார். யாரோ ஒரு வாசகர். கெட்ட வார்த்தை வருகிற இடமெல்லாம் நீல மையால் அடித்திருப்பார். பக்கத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் அடித்தது தெளிவாகத் தெரியும். கதைகள் பல மறந்துவிட்டன. அவர் அடித்த வார்த்தைகள் ஒன்றுகூட மறக்கவில்லை. அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் நான் அவற்றைக் கவனித்தே இருக்க மாட்டேன்.

3

புகாரை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் தலைவர். ஒரு பாஸ்டர், வீடு விற்றுக்கொடுக்கிற ஒருவர், இன்னும் இரண்டு பேர். டோனா ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். புத்தகங்களைக் கொடுத்தவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"நானே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் போதும்" என்றேன்.

கொடுத்தவரே சோதிப்பது முறையல்ல என்றார்கள். சரி, சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்புறம் விடுகதைப் புத்தகத்தைத் தலைவர் கையில் எடுத்தார். அவரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். இந்தப் புத்தகம் மட்டும் திரும்ப வந்தால் போதுமா, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வீர்களா என்பதுதான் கேள்வி. நம் ஊரில் வகுப்பில் எழுந்து கேட்கிற மாதிரியே எழுந்து, "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் திஸ் புக்" என்றேன்.

பாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி, இங்கே டவுட் என்றால் சந்தேகம் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் படபடப்பு வந்தால் வாய் கோவில்பட்டிக்குப் போய்விடுகிறது. நான் எவ்வளவோ விளக்கினேன். எல்லாரும் இரக்கத்தோடு கேட்டார்கள். கூட்டக் குறிப்பு வெளிவந்தபோது அதில் ஒரு வரி இருந்தது: "புத்தகத்தை வழங்கியவரே அதைப் பற்றிச் சந்தேகம் தெரிவித்தார்."

தமிழ் தெரிந்த நடுநிலையான ஒருவரைக் கண்டுபிடித்து அறிக்கை வாங்குவது என்று முடிவாயிற்று. அப்படி ஒருவர் நாற்பது மைல் தள்ளி இருந்தார்.

4

பரமசிவம் சார் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத் தலைவர். வேதியியலில் முனைவர் பட்டம், பெயிண்ட் கம்பெனியில் பெரிய வேலை. பிறந்து வளர்ந்தது கோவில்பட்டியிலேதான். அவருடைய அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். ஆனால் மேடையில் ஏறிவிட்டால் சார் பேசுகிற தமிழில் மண் ஒட்டாது. "பேரன்புமிகு பெருந்தகையீர்" என்று ஆரம்பித்து, சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசுவார். ஒருமுறை சங்க விழாவில் கார் கதவில் அவர் விரல் மாட்டிக்கொண்டது. அப்போது அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான், இவர் நம்ம ஊர்க்காரர் என்று நான் கண்டுபிடித்தேன்.

அவரிடம் புத்தகங்கள் போகின்றன என்று கேள்விப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்ம ஆள், விடுகதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

அறிக்கை வந்தது. ஹாலோவே தேவலை என்று ஆக்கிவிட்டார். மற்றவற்றை விட்டுவிட்டு, இரண்டு புத்தகங்கள் இளையோர் கையில் படவே கூடாது என்று எழுதியிருந்தார். ஒன்று கரிசல் பேச்சில் எழுதிய ஒரு நாவல். காரணம்: கொச்சை நடை, வசைச்சொற்கள், செம்மொழியின் மாண்புக்குக் களங்கம். இன்னொன்று விடுகதைப் புத்தகம். காரணமாக ஒரு விடுகதையையே இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்திருந்தார். அதன் தமிழ் இதுதான்:

"ஒருத்தி மல்லாந்து கிடக்கா, ஒருத்தன் மேல கிடந்து புரளுதான். ரெண்டு பேருக்கும் வேர்க்கல, நிக்கவளுக்கு வேர்க்குது."

உங்களுக்கு விடை தெரியும். இங்கிலீஷில் விடை இல்லாமல் வாசித்துப்பாருங்கள். கணக்கு டீச்சர் அம்மாளின் நிலைமையை நினைத்துப்பாருங்கள்.

நான் அவருக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணாச்சி, விடை அம்மிக்கல்லுன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதியிருக்கலாம்லா?"

"டாக்டர் என்று அழையுங்கள் அம்மா. புத்தகத்தில் உள்ளதை மொழிபெயர்க்கத்தான் என்னைப் பணித்தார்கள். விடைகள் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சிடப்பட்டுள்ளன. தலைகீழாக உள்ளவற்றை நான் கருத்தில் கொள்ளவில்லை."

"அந்த நாவல் என்ன செஞ்சது?"

"அந்நியர் பார்வையில் நம் மொழி எப்படித் தோன்ற வேண்டும் என்று ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா? வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்கட்டும். அலமாரியில் நல்ல தமிழ் இருக்கட்டும்."

"அவனுவளுக்கு நல்ல தமிழும் தெரியாது, கெட்ட தமிழும் தெரியாதே, அண்ணாச்சி."

வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அதே எண்ணிலிருந்து அவர் மனைவி மரகதம் அக்கா கூப்பிட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். "கோவிச்சுக்காதம்மா. அந்த நாவல அவிய மூணு வாரமா வச்சிருந்தாவ. அறிக்கை எழுதி முடிச்ச பொறவும் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்காவ. சோபால உக்காந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காவ. என்னன்னு கேட்டேன். 'எங்க அம்மை பேசுன மாரியே இருக்கு'ன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடைக்காவ. அந்த மனுசந்தான் பிள்ளையளுக்கு ஆகாதுன்னும் எழுதுதாவ. நான் என்னத்தச் சொல்ல?"

5

இனி எமிமா. ஞானஸ்நானத்தில் எமிமா, பள்ளிக்கூடத்தில் எமி. பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், நடுவில் அவள் அப்பா டிவி பார்ப்பார். ஆறு வருஷம் சனிக்கிழமை காலைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்தோம். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது "எனக்குத் தூக்கம் வருகிறது" என்ற ஒரு முழு வாக்கியம். அதையும் அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கற்றுக்கொண்டிருப்பாள்.

பரமசிவம் சாரின் அறிக்கையை நூலகம் தன் இணையதளத்தில் போட்டது. அவள் வகுப்பில் யாரோ அதைக் கண்டுபிடித்துப் பரப்பிவிட்டார்கள். அன்று பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, நம் வீட்டில் இவ்வளவு அசிங்கமான புத்தகமெல்லாம் இருந்ததா? ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?" என்றாள், இங்கிலீஷில்தான்.

"அசிங்கமில்லட்டி. அது அம்மி."

"அம்மி என்றால்?"

எங்கள் வீட்டில் மிக்ஸிதான். அம்மியை அவள் ஊரில் பார்த்திருக்கிறாள், ஆனால் அதன் மேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்ததால் அதற்காகவே போட்ட கல் என்று நினைத்திருந்தாளாம். மேசையில் ஒரு புத்தகத்தைப் படுக்கப்போட்டு, மேலே சப்பாத்திக் கட்டையை உருட்டிக் காட்டினேன். கீழே கிடக்கிறவள் அம்மி, புரள்கிறவன் குழவி, வேர்க்கிறவள் அரைக்கிற பெண்.

எமிமா அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்படியானால் தப்பாக நினைத்தது அவர்கள்" என்றாள். "அதுதான் அதில் உள்ள ஜோக். கேட்கிறவனை மாட்டிவிடுகிற ஜோக்."

வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தமிழிலேயே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "புரளுதான்" என்பது அவள் வாயில் "பொறலூத்தான்" என்று வந்தது. தமிழ்ப் பள்ளி ஆறு வருஷத்தில் செய்யாததை, ஒரு தடை ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டது. பரமசிவம் சாருக்கு நன்றி சொல்லி ஒரு பொன்னாடை போர்த்தலாமா என்றுகூட யோசித்தேன்.

6

இறுதிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிஷம். ஹாலோவே வந்திருந்தார். நேரில் பார்த்தால் சாது மனிதர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரமசிவம் சார் கோட்டு போட்டு முன்வரிசையில். எமிமா பேசப் பெயர் கொடுத்திருந்தாள், எனக்குத் தெரியாமல்.

மைக் முன்னால் போய் நின்று, முதலில் அந்த விடுகதையைத் தமிழில் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். பாஸ்டர் கூரையைப் பார்த்தார். "இப்போது உங்கள் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. அது புத்தகத்தில் இல்லை. நான் தேடிப்பார்த்துவிட்டேன்" என்றாள். பிறகு அம்மியை விளக்கினாள். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது, அதனால், "என் அம்மாவுக்கு இந்தப் புத்தகத்தின் மேல் சந்தேகம் எதுவும் கிடையாது. அவளுக்கு உங்கள் இங்கிலீஷ் மேல்தான் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் சிரித்தது ஹாலோவே. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். தன் தாத்தாவும் இப்படித்தான் கேட்பார், கிணற்று வாளியைப் பற்றி ஒன்று உண்டு, குழந்தைகள் முன்னால் சொல்ல முடியாது என்றார். குழந்தைகள் முன்னால் சொல்வதற்காகவே தாத்தாக்கள் அதையெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதும் உறைத்ததாகத் தெரியவில்லை. புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று தலைவர் கேட்டார். பெறலாம்தான், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே, குழுவே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

குழு முடிவு செய்தது. விடுகதைப் புத்தகம் பழைய இடத்துக்கே வரலாம். ஆனால் யாரும் தப்பாக நினைத்துவிடாதபடி ஒவ்வொரு விடுகதைக்கும் பக்கத்திலேயே விடையை இங்கிலீஷில் ஒட்ட வேண்டும். ஆமாம், விடுகதையின் பக்கத்திலேயே. டோனா வெள்ளை ஸ்டிக்கர்களில் அச்சடித்துத் தானே உட்கார்ந்து ஒட்டினாள். உலகத்தில் விடைகளோடு வாசிக்கிற விடுகதைப் புத்தகம் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கும்.

மற்ற புத்தகங்களும் பெட்டியிலிருந்து அலமாரிக்குத் திரும்பின. கரிசல் நாவலை மட்டும் இளையோர் பகுதியிலிருந்து எடுத்து மாடியில் பெரியவர்கள் பகுதியில் வைத்துவிட்டார்கள். வெளியே வரும்போது பரமசிவம் சார் எமிமாவைத் தட்டிக்கொடுத்து, "உச்சரிப்பைச் சற்றுச் சீர் செய்ய வேண்டும், குழந்தாய்" என்றார். பிறகு டோனா பக்கம் திரும்பி, மாடிக்குப் போகிற வழி எது என்று கேட்டார்.

7

இந்தக் கூத்தையெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் காலை, அவனுக்குச் சாயங்காலம். முடிவைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வாசிக்கத் தெரியாத பய மனு குடுக்கான், அத விசாரிக்கதுக்கு ஒரு கமிட்டி. அமெரிக்காக்காரனுக்கு வேற சோலியே கிடையாதா?" என்றான். சிரித்து முடித்து, மூச்சு வாங்கி, அதே குரலில், "நாங்களும் இங்கன ஒரு புஸ்தகத்த எடுக்கச் சொல்லி மனு குடுத்திருக்கோம் பாத்துக்க" என்றான்.

"எங்க?"

"நம்ம ஊரு லைப்ரரிலதான். தெக்குத் தெரு ஞானதாசு ஒரு நாவல் எழுதியிருக்கான். உனக்கு ஒரு வகுப்பு கீழ படிச்சான்லா, அவன். சபையப் பத்திக் கேவலமா எழுதி வச்சிருக்கான். நாங்க அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்."

எங்கள் ஊரில் இரண்டு தெருவுக்கும் ஒரே சபை. ஒரே வேதம், ஒரே பாட்டு, ஒரே பாதிரியார். கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு, நடுவில் ஒரு சுவர். எங்கள் தெரு ஆட்களுக்கு இந்தப் பக்கம், தெற்குத் தெரு ஆட்களுக்கு அந்தப் பக்கம். உயிர்த்தெழும் நாளில் யார் எந்தப் பக்கம் எழுந்து நிற்பார்கள் என்று பிரசங்கத்தில் யாரும் சொன்னதில்லை.

"சுவரப் பத்தி எழுதியிருக்கானா?"

"அதத்தான். இப்ப எதுக்கு அதெல்லாம்? எல்லாரும் ஒத்துமையா இருக்கும்போது."

"நீங்க படிச்சீங்களா, அண்ணே?"

"நான் எதுக்குப் படிக்கணும்? நம்ம ஊரு சேதி நமக்குத் தெரியாதா? சபை செக்ரட்டரி சொன்னாரு."

"அவரு படிச்சாரா?"

"அவருக்கு ஆரோ ஒரு பக்கத்த ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பியிருக்காவ."

பருத்திக்குள் ஒளித்து வைத்துக் கதைப்புத்தகம் கொடுத்த கை, ஒரு புத்தகத்தை ஒளித்துவைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எமிமா வந்து ஃபோனை வாங்கினாள். அவளுக்கு இப்போது தமிழ் கொஞ்சம் ஓடுகிறது, மரியாதை மட்டும் இன்னும் கூட வந்து சேரவில்லை.

"மாமா, நீ புக் படிக்கல. அப்போ நீ ஹாலோவே" என்றாள்.

"பிள்ளைக்கு மொதல்ல நீங்கன்னு சொல்லப் படிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வைத்துவிட்டான்.

8

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் ஃபோன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் மதினிதான் எடுத்தாள். "கடைல இருக்காவ" என்பாள். ஊர் விஷயங்களை அவள்தான் சொன்னாள். மேலிடத்து உத்தரவு இல்லாமல் புத்தகத்தை நீக்க முடியாது என்று அங்குள்ள நூலகர் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண்ணும் பாவம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். சண்டை வேண்டாம் என்று புத்தகத்தை மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்கிறாளாம். இதுவரை அந்தக் கட்டடத்துப் படியில் மழைக்குக்கூட ஒதுங்காத ஆட்களெல்லாம் வந்து, பைண்டிங்கிலிருந்து வந்துவிட்டதா என்று கேட்டுப்போகிறார்களாம். ஞானதாஸ் தூத்துக்குடியில் வேலையாக இருக்கிறான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் மதினி ஒரு புதுச் சேதி சொன்னாள். "உங்க அண்ணனே லைப்ரரிக்குப் போயிட்டு வந்திருக்காவ. மனு குடுத்த ஆளே வந்து புஸ்தகத்தக் கேட்டா அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எடுத்துக் குடுத்துட்டுது. அட்டை தெரியாம இருக்க உரக் கம்பெனி காலண்டர் தாளப் போட்டு மூடியிருக்காவ. கடைல மூட்டைக்குப் பின்னால உக்காந்து வாசிக்காவளாம். யாவாரத்துக்கு ஆளு வந்தா நிமிந்து பாக்கதில்லன்னு புகாரு."

போன ஞாயிறு அவனே கூப்பிட்டான். மழை இன்னும் இறங்கவில்லை, உளுந்து விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மதினிக்கு முழங்கால் வலி என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் அவன் போக்கில் விட்டேன்.

"அந்தப் புஸ்தகத்த வாசிச்சேன்" என்றான்.

"எப்படி இருக்கு, அண்ணே?"

"தப்புத்தப்பா எழுதியிருக்கான். சுவரு இடுப்பளவுன்னு போட்டிருக்கான். இடுப்பளவா அது? வெயிலுக்கு அதுக்க நிழல்லதான எல்லாப் பயலும் சைக்கிள நிறுத்துவோம். நான் கைய ஒசத்துனாலும் தலப்பு எட்டாது. இன்னைக்கும் அம்புட்டு ஒசரந்தான் நிக்குது."

"அப்போ சரியா எழுதச் சொல்லி இன்னொரு மனு குடுங்க."

அவன் சிரிக்கவில்லை.

"அவங்க அம்மைய அடக்கம் பண்ணுனத எழுதியிருக்கான். நான் அன்னைக்கு அங்கன இருந்தேன், பாட்டுக் குழுவுல. நாங்க இந்தப் பக்கமே நின்னு பாடுனோம். அந்தப் பக்கம் போகவேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. சுவருக்கு மேல பாட்டு மட்டும் போச்சு. பாட்டு கேட்டுதுன்னு எழுதியிருக்கான். ஆரு பாடுனான்னு எழுதல. நாங்க எங்க நின்னோம்னும் எழுதல. அவனுக்குத் தெரியும், எஸ்தரு. பாடி முடிச்ச பொறவு சுவரச் சுத்திக்கிட்டு வந்து எங்க எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான்."

மனுவைத் திரும்ப வாங்கப்போகிறீர்களா என்று கேட்டேன். அஞ்சு பேர் சேர்ந்து கொடுத்ததை ஒருத்தன் மட்டும் எப்படி வாங்க முடியும் என்றான். ஆனால் மற்ற நாலு பேரிடமும் வாசிக்காமல் இனி இதைப் பேசவேண்டாம் என்று சொல்லியிருக்கிறானாம். ஒரே ஒரு பிரதி. காலண்டர் தாள் போட்ட மேனிக்கு இப்போது செக்ரட்டரி வீட்டில் இருக்கிறது.

"அவரும் வாசிச்சிட்டு என்ன சொல்லுதாருன்னு பாப்போம்" என்றான். பிறகு வைக்கப்போகிற மாதிரி இருந்தவன் வைக்கவில்லை.

"ஊரக் கேவலப்படுத்திட்டான்னு கையெழுத்துப் போட்டேன். வாசிச்சுப் பாத்தா, அவன் நமக்காகப் பாத்துப் பாத்துக் குறைச்சு எழுதியிருக்கான்ட்டி."